ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவனிடம் ‘மேக் (ஆப்பிள் கம்ப்யூட்டர்) வாங்கலாமா?’ என்று கேட்பவர்கள் முன்பெல்லாம் ஆடிக்கு ஒருவர், அமாவாசைக்கு ஒருவர். இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். பர்கூர் இன்ஜினியரிங் கல்லூரி மாணவர், பாலக்கோட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர், ஓசூரில் சி.என்.சி. ஜாப் ஒர்க் எடுப்பவர், ஆடிட்டர் ஆபீஸ் கணக்கர் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் ஆப்பிள் விற்பவன் இல்லை, கமிஷனும் கிடையாது. கீழே வரும் விலைகள் அந்தந்த மாடல் இந்தியாவில் வெளியானபோது அறிவிக்கப்பட்டவை. ஆஃபர் சமயத்தில் குறையும்.

நிஜமாகவே அவ்வளவு வேகமா, இல்லை விளம்பரமா?

வேகம் நிஜம். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் போட்ட மேக்புக் ஏர் லேப்டாப் ரூ.92,900-க்கு வந்தது. அதுவரை இன்டெல் சிப்போடு வந்த ஏரில் நாலு டேப் திறந்து ஒரு வீடியோ கால் போட்டாலே ஃபேன் கத்த ஆரம்பிக்கும். அதே பெட்டி, அதே தடிமனில் ஃபேனையே தூக்கிவிட்டு, பல வேலைகளில் இரண்டு மூன்று மடங்கு வேகம் கொடுத்தார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. 2008-இல் பி.ஏ. செமி என்ற சிறிய சிப் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. 2010-இல் ஏ4 என்ற பெயரில் சொந்த சிப் ஐபோனுக்குள் போனது. பத்து வருடம் போன் பேட்டரியை மிச்சம் பிடித்துப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தோடு லேப்டாப்புக்கு வந்தார்கள். ஐபோன் சிப்பில் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களும் மேக் சிப்பில் உள்ள கோர்களும் ஒரே குடும்பம். அவற்றை வடிவமைக்கும் செலவின் பெரும்பங்கை வருடம் கோடிக்கணக்கில் விற்கும் ஐபோன் சுமந்துவிடுகிறது, மேக் அதன் தோளில் ஏறி வருகிறது. தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் புதிய தலைமுறை உற்பத்தி தொடங்கும்போது முன்வரிசையில் நிற்பதும் ஆப்பிள்தான். எம்1 சிப் 5 நானோமீட்டர் முறையில் வந்தது, எம்3, எம்4 இரண்டும் 3 நானோமீட்டர்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சார்ஜரைப் பிடுங்கினால் பல விண்டோஸ் லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேக் பேட்டரியிலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இருப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 2020-இல் இருந்த இடைவெளி இப்போது இல்லை. விண்டோஸ் லேப்டாப்புக்கான சிப்களில் 2024 நடுவில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வந்தது, அதே வருடம் செப்டம்பரில் இன்டெல்லின் லூனார் லேக் வந்தது. பேட்டரி நிற்கும் நேரத்தில் இரண்டுமே மேக்குக்கு அருகில் வந்துவிட்டன. ‘மேக் மாதிரி வேறு எதுவும் வராது’ என்று யாராவது சொன்னால், அவர் 2020-இன் கதையைச் சொல்கிறார்.

அவர்கள் மேடையில் காட்டும் கிராஃப்களை நம்பலாமா?

பார்க்கலாம், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எந்த நிறுவனமும் தனக்குச் சாதகமான இடத்தில்தான் கிராஃபின் கோட்டை நிறுத்தும். 2022 மார்ச்சில் எம்1 அல்ட்ரா வெளியானபோது, என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3090 கிராஃபிக்ஸ் கார்டைவிட அது வேகம் என்பதுபோல ஒரு கிராஃப் காட்டினார்கள். அதில் 3090-இன் கோடு அதன் முழு மின்சாரத்தைத் தொடும் முன்பே நின்றுவிட்டது. பிறகு வெளியாட்கள் சோதித்தபோது முழு பலத்தில் ஓடிய 3090 நன்றாகவே முந்தியது. குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை என்று சொல்லியிருந்தால் அது நேர்மையான பேச்சு, ஏனென்றால் அதில் மேக் உண்மையிலேயே கெட்டி.

‘முந்தைய தலைமுறையைவிட இத்தனை மடங்கு’ என்ற வாக்கியத்தையும் கவனியுங்கள். முந்தையது எது என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பல சமயம் அது ஐந்து வருடத்துக்கு முந்தைய இன்டெல் மாடலாக இருக்கும்.

அப்படியானால் எந்த டெஸ்ட் எண்ணைப் பார்ப்பது?

வேகத்தை அளக்கும் மென்பொருள்களில் கீக்பெஞ்ச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிப் சூடாவதற்குள் பரீட்சை முடிந்துவிடுகிறது, ஆகவே சின்னச் சின்ன வேலைகளின் சுறுசுறுப்பை அது சரியாகச் சொல்லும். சினிபெஞ்ச் பத்து நிமிடம் விடாமல் வேலை வாங்கும், அதனால் சூட்டில் எவ்வளவு தாங்குகிறது என்பது அதில் தெரியும். முதல் சுற்று எண்ணையும் பத்து நிமிடம் கழித்து வரும் எண்ணையும் சேர்த்துக் காட்டும் விமர்சனத்தைத் தேடுங்கள்.

இரண்டையும் விடச் சிறந்த டெஸ்ட் உங்கள் வேலைதான். நண்பரிடம் மேக் இருந்தால், உங்கள் எடிட்டிங் ஃபைலையோ புரோகிராமையோ கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.

ஏர் மாடலில் ஃபேனே இல்லையாமே. நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா, சார்?

இயங்கும் இடத்தின் வெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் தர்மபுரியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சூடேறினால் ஏர் கெட்டுப்போகாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டைப் செய்வது, பிரவுசர், கோடிங், ஆன்லைன் வகுப்பு இதற்கெல்லாம் வித்தியாசமே தெரியாது. அரை மணி நேரம் விடாமல் வீடியோ எக்ஸ்போர்ட் செய்தால் தெரியும். அந்த வேலை தினமும் இருக்கிறவர் ஃபேன் உள்ள மேக்புக் புரோ லேப்டாப்போ, திரை இல்லாத சின்ன டெஸ்க்டாப்பான மேக் மினியோ பார்ப்பது சரி.

எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால் ஹீட் சிங்க் முழுக்க வெள்ளைப் பொடி, ஃபேன் இறக்கையில் பசைபோல ஒட்டியிருக்கும். வருடம் ஒருமுறை சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றாவிட்டால் புது லேப்டாப்பும் கிழடு தட்டிவிடும். ஃபேன் இல்லாத பெட்டி இந்தப் பொடியை உள்ளே இழுப்பதே இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து விமர்சனம் எழுதுபவர்கள் குறை என்று சொல்லும் இந்த டிசைன், தூசி பறக்கும் இடத்தில் லாபமாகிவிடுகிறது. கீபோர்டுக்கு மட்டும் ஒரு உறை போட்டு, மூடுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடைவெளி மிகவும் குறைவு, உறையோடு மூடினால் திரை அழுந்தும்.

அமெரிக்காவில் 999 டாலர் லேப்டாப் இங்கே ஒரு லட்சம். கொள்ளை அடிக்கிறார்களா?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த இடத்தில் அடிக்கவில்லை. எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் அங்கே 999 டாலர், இங்கே ரூ.99,900. அப்போது டாலர் சுமார் 87 ரூபாய். 999-ஐப் பெருக்கினால் கிட்டத்தட்ட ரூ.87,000. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, மாநிலத்துக்கு மாநிலம் தனியாகப் போடுவார்கள். நம் விலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உள்ளேயே இருக்கிறது. அதையும் சேர்த்தால் ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கு மேல் வருகிறது. ரூ.99,900 அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். 2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினியும் அப்படித்தான், 599 டாலருக்கு இங்கே ரூ.59,900.

லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அடுத்தடுத்த கேள்விகளில் பார்ப்போம்.

ஓசூரிலேயே ஆப்பிள் பாகம் செய்கிறார்களே, நமக்கு விலை குறையாதா?

ஓசூர் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராவது ஐபோன் சம்பந்தப்பட்டது, முக்கியமாக வெளிக்கூடு. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் வேன் ஏறிப் போவது அந்த வேலைக்குத்தான். மேக் அங்கே செய்யப்படுவதில்லை. அப்படியே செய்தாலும் விலை பெரிதாக இறங்காது. லேப்டாப்புக்கு ஏற்கெனவே அடிப்படை சுங்க வரி கிடையாது, ஜி.எஸ்.டி. மட்டும்தான், அது எங்கே செய்தாலும் உண்டு. ஆலை பக்கத்தில் வந்தால் வேலை கிடைக்கும், சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறும். லேப்டாப் விலைச் சீட்டில் மாற்றம் இருக்காது.

ரேம், ஸ்டோரேஜ் எவ்வளவு எடுப்பது? 512-க்கு ஏறலாமா?

இங்கேதான் கையைக் கடிக்கும். மேக் மினி ரூ.59,900 என்பது 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ் கொண்டது. ஸ்டோரேஜ் ஒரு படி ஏறி 512 ஜிபி என்றால் ரூ.20,000. ரேம் ஒரு படி ஏறி 24 ஜிபி என்றால் இன்னொரு ரூ.20,000. இரண்டு படி ஏறியதும் ரூ.99,900 ஆகிவிடும். ஆரம்ப விலையில் மூன்றில் இரண்டு பங்கு, உள்ளே கூடியது இரண்டு சின்ன சிப்களின் கொள்ளளவு. அந்த மாடல் வந்த சமயத்தில் அதே ரூ.20,000-க்கு வெளிச்சந்தையில் 1 டிபி எஸ்.எஸ்.டி. வாங்கிக் கையில் மீதி பணமும் வைத்திருக்கலாம்.

ஆரம்ப மாடலைக் குறைந்த லாபத்தில் வைத்து ஆளை உள்ளே அழைத்து, மேலே ஏறும் படிகளில் வசூலிப்பதுதான் இந்த நிறுவனத்தின் விலை உத்தி என்பது என் கணிப்பு. ஆகவே என் ஆலோசனையும் நேரடியானது. ஆரம்ப மாடல் உங்கள் வேலைக்குப் போதுமென்றால் அதை வாங்குங்கள், அந்த விலைக்கு அது நல்ல பொருள். போதாது, இரண்டு மூன்று படி ஏற வேண்டும் என்றால் அந்த மொத்தப் பணத்துக்கு விண்டோஸில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ரேமில் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். 2023 இறுதியில் ரூ.1,69,900 விலை வைத்த எம்3 மேக்புக் புரோவில்கூட 8 ஜிபிதான் கொடுத்தார்கள். கேட்டபோது, மேக்கில் 8 ஜிபி மற்றவற்றின் 16 ஜிபிக்குச் சமம் என்ற தோரணையில் நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் பேட்டியில் பதில் சொன்னார். ஒரே வருடத்தில் எல்லா மேக்கிலும் ஆரம்பமே 16 ஜிபி ஆனது. சமம் என்றால் ஏன் மாற்றினார்கள்?

ஸ்டோரேஜில் இன்னொரு நுணுக்கம். எம்2 ஏரின் 256 ஜிபி மாடலில் இரண்டு மெமரி சிப்புக்குப் பதில் ஒன்றே ஒன்று போட்டார்கள். விளைவு, படிக்கும் வேகம் பழைய எம்1 ஏரில் இருந்ததில் கிட்டத்தட்ட பாதி. எம்3-இல் மறுபடி இரண்டாக்கினார்கள். பழைய ஸ்டாக் எம்2, 256 ஜிபி மலிவாக வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இப்போ சின்னதா வாங்கிட்டு அப்புறம் உங்க கடையில் ரேம் போட்டுக்கலாமே, அண்ணா?

முடியாது, தம்பி. ரேம் சிப்போடு ஒரே அடித்தளத்தில் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. மேக்புக்கில் ஸ்டோரேஜும் போர்டில்தான்.

இது வெறும் பிடிவாதம் என்று முதலில் எல்லோரும் நினைப்போம். பாதி அப்படி, பாதி இயற்பியல். ரேம் சிப்புக்கு ஒட்டினாற்போல் இருந்தால் கம்பி நீளம் குறைகிறது, மின்சாரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. எம்1-இல் விநாடிக்கு சுமார் 68 ஜிபி தரவு போய்வரும், எம்4-இல் 120 ஜிபி. கிராஃபிக்ஸும் அதே ரேமைப் பகிர்ந்துகொள்வதால் ஒரே படத்தை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டியதில்லை. இன்டெல்லும் லூனார் லேக்கில் இதையே செய்தது, 16 அல்லது 32 ஜிபி, அதற்கு மேல் கிடையாது. பிரித்துக் கழற்றிச் சரிசெய்வதையே கொள்கையாக வைத்திருக்கும் ஃபிரேம்வொர்க் நிறுவனம்கூட 2025-இல் அறிவித்த டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர் செய்துதான் கொடுத்தது. ஏ.எம்.டி. சிப்பின் மெமரி வேகத்துக்கு வேறு வழி கிடைக்கவில்லை என்றார்கள்.

ரேமுக்கு இந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டோரேஜுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்4 மேக் மினியில் ஸ்டோரேஜ் தனிக் குச்சியாகக் கழற்றும்படி இருக்கிறது, அதனால் அதன் வேகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அது ஆப்பிளுக்கே உரிய வடிவம், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி. அதில் பொருந்தாது.

மதர்போர்டு போனால் உள்ளே இருக்கும் ஃபைல்கள்?

போர்டோடு போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண விண்டோஸ் லேப்டாப் செத்தால் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோக்களை எடுத்துக் கொடுப்போம். மேக்கில் தரவு பூட்டு போட்டு எழுதப்படுகிறது, சாவி சிப்புக்குள் இருக்கிறது. திருடனிடமிருந்து காப்பாற்றும் அதே பூட்டு, போர்டு போன அன்று உங்களையும் வெளியே நிறுத்திவிடும். ஒரு வெளி டிஸ்க் வாங்கி, மேக்கிலேயே இருக்கும் டைம் மெஷின் வழியாக பேக்கப் போடுங்கள், அந்தச் செலவையும் மேக்கின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழுதுச் செலவும் அப்படித்தான். விண்டோஸ் லேப்டாப்பில் ரேம் போனால் ரேம் மட்டும் மாற்றுவோம். இங்கே முழு போர்டு. வாரண்டி முடிந்த பிறகு போர்டு மாற்றும் விலை கேட்டால், புதிதாக இன்னொன்று வாங்கலாமா என்று யோசிக்கத் தோன்றும். ஓசூர்க்காரருக்கு அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. அரூர், பென்னாகரம்காரருக்கு சேவை மையம் போய்வரவே ஒரு நாள் வேலை கெடும். நிறுவனத்தின் தளத்தில் உங்களுக்கு மிக அருகில் எது என்று பார்த்துவிட்டு பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

டேலி ஓடுமா? சாலிட்வொர்க்ஸ்?

டேலி பிரைம் விண்டோஸுக்கானது. பாகங்களை வரைய உதவும் சாலிட்வொர்க்ஸ், சி.என்.சி.க்கு புரோகிராம் எழுதும் மாஸ்டர்கேம் இரண்டும் விண்டோஸ்தான். பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டுக்கொண்டோம், எம் வரிசையில் அது கிடையாது. பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக, ஏ.ஆர்.எம். வகை சிப்புக்கென்று வரும் விண்டோஸ் 11 ஓட்டலாம், 2023-இல் மைக்ரோசாஃப்ட்டே அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் அதற்குத் தனியே காசு. ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் டிரைவர் அங்கே தகராறு செய்யலாம், ஏனென்றால் சாதாரண விண்டோஸ் டிரைவர்கள் ஏ.ஆர்.எம். விண்டோஸில் ஏறாது. கடைசித் தேதி ராத்திரி ரிட்டர்ன் போடும்போது இந்த விளையாட்டு தேவையா?

ஆட்டோகேட் மேக்குக்கு இருக்கிறது, விண்டோஸில் உள்ள எல்லா வசதியும் அதில் இல்லை. ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் நன்றாக ஓடும். ஓசூர் ஜாப் ஒர்க் நண்பர்களுக்கு நான் சொல்வது, உங்கள் வாடிக்கையாளர் எந்த ஃபைலை அனுப்புகிறாரோ அதைத் திறக்கும் கம்ப்யூட்டர்தான் உங்களுக்கு வேகமான கம்ப்யூட்டர்.

தமிழ் டைப் பண்ண வசதி?

யூனிகோடில் மிக நன்றாக இருக்கிறது. தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகை முறையும் உள்ளேயே வரும், எதையும் இறக்க வேண்டாம். அஞ்சல் முறை மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. உள்ளே இருக்கும் தமிழ் எம்.என்., தமிழ் சங்கம் எம்.என். எழுத்துருக்களின் பெயரில் வரும் எம்.என். அவருடைய முதலெழுத்துகள்தான்.

ஃப்ளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரர்கள் மட்டும் ஒதுங்கி நில்லுங்கள். பேஜ்மேக்கர் இப்போதைய மேக்கில் ஓடாது, என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை எல்லாம் விண்டோஸுக்கானவை. பாமினி என்ற பழைய எழுத்துரு காலத்து ஃபைல்கள் அலமாரி நிறைய இருந்தால் இருக்கும் இடத்திலேயே இருப்பது நல்லது.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எப்படி?

என்னைக் கேட்டால் மேக்கின் பணம் முழுதாகத் திரும்பும் தொழில் இதுதான். சிப்புக்குள் வீடியோவைப் பிரிக்கவும் சுருக்கவும் மட்டுமே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. இப்போதைய கேமராக்கள் எடுக்கும் 10 பிட், 4:2:2 வகை எச்.இ.வி.சி. ஃபைல்களை டைம்லைனில் வைத்தால், கார்டுக்கே அறுபது எழுபதாயிரம் போட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்கூடத் திக்கித் திணறியதைப் பார்த்திருப்பீர்கள். காரணம், அந்த வகையைப் பிரிக்கும் வசதி என்விடியா கார்டுகளில் 2025-இன் 50 வரிசை வரும்வரை இல்லை. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள் கிராஃபிக்ஸில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், பட்ஜெட் குறைவானவருக்கு அது ஒரு வழி.

மேக்கில் ஏர் வேண்டாம், மினி எடுங்கள். நல்ல மானிட்டர் ஏற்கெனவே இருக்கும். ஃபேன் இருப்பதால் ராத்திரி முழுக்க எக்ஸ்போர்ட் ஓடினாலும் கவலையில்லை. சும்மா இருக்கும்போது சுமார் 4 வாட், முழு வேலையிலும் 65 வாட் அளவுக்குத்தான் இழுக்கும் என்பதால் சின்ன யு.பி.எஸ்.-ஸே நீண்ட நேரம் தாங்கும். பழைய 500 வாட் சப்ளை பெட்டியை வைத்துக்கொண்டு இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நிம்மதி. 256 ஜிபி மாடலையே வாங்கி, ஃபூட்டேஜ் எல்லாம் வெளி எஸ்.எஸ்.டி.யில் வைத்து அதிலிருந்தே எடிட் செய்யுங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் தொடங்கலாம்.

டிசைனில் அவர்கள் சறுக்கியதே இல்லையா?

நிறைய. 2015-இல் மெலிசாக்கும் ஆசையில் பட்டர்ஃபிளை கீபோர்டு கொண்டுவந்தார்கள். ஒரு தூசி போனாலே எழுத்து விழாது, அல்லது இரண்டிரண்டாக விழும். 2019 வரை திருத்தித் திருத்தி அதையே விற்றார்கள். அமெரிக்காவில் வழக்குப் போய், 2022-இல் 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2013-இன் உருளை வடிவ மேக் புரோ பார்க்க அழகு, ஆனால் சூட்டை வெளியேற்ற இடமில்லாமல் புதிய கார்டு எதையும் அதில் போட முடியவில்லை. தங்களைத் தாங்களே சூட்டு மூலைக்குள் தள்ளிக்கொண்டதாக 2017-இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2016-இல் புரோவிலிருந்து எச்.டி.எம்.ஐ., மெமரி கார்டு துளை எல்லாம் பிடுங்கினார்கள், 2021-இல் திரும்ப வைத்தார்கள். நடுவில் ஐந்து வருடம் ஊரெல்லாம் டாங்கிள் விற்றது.

ஆப்பிளின் மவுஸைக் கவிழ்த்துப் போட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டும், இன்றுவரை. 2024 மினியில் பவர் பட்டன் அடியில் இருக்கிறது. இதெல்லாம் சில்லறை. ஆனால் பெரிய சறுக்கல்களில் ஒரு வழக்கம் தெரிகிறது. மெலிசு, அழகு என்று முதலில் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவார்கள், பயன்படுத்துகிறவர்கள் சில வருடம் கத்திய பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். புது வடிவம் வந்த முதல் வருடத்தில் அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் மேக்புக் பாதி விலைக்குக் கிடைக்குதாமே?

கிடைக்கும். நல்லதும் கிடைக்கும், பூட்டு போட்டதும் கிடைக்கும். பெங்களூருவில் ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்த மேக்புக்குகள் வெளியே வரும்போது சிலவற்றில் கம்பெனி தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் ரிமோட் மேனேஜ்மென்ட் பூட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கடையில் ஆன் செய்து காட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்து அழித்துப் புதிதாகத் தொடங்கும்போது ‘இந்தக் கம்ப்யூட்டர் இன்ன நிறுவனத்துக்குச் சொந்தம்’ என்று திரை வரும். அதை நாங்கள் எடுக்க முடியாது, எடுத்துத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள்.

ஆகவே விற்பவர் முன்னாலேயே முழுவதும் அழித்து, வைஃபையில் இணைத்து, முதல் செட்டப் முடியும்வரை பாருங்கள். பழைய ஆளின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால் வேண்டாம். பேட்டரி எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஆகித் தீர்ந்தது என்ற சைக்கிள் எண்ணிக்கை சிஸ்டம் தகவலில் இருக்கும், 1,000 வரை தாங்கும் என்பது கணக்கு. 2015 முதல் 2017 வரையிலான 12 அங்குல மேக்புக், 2016 முதல் 2019 வரையிலான புரோ, 2018, 2019 ஏர் இவற்றில் அந்தப் பட்டர்ஃபிளை கீபோர்டு இருக்கும், தொடாதீர்கள். விதிவிலக்கு 2019-இன் 16 அங்குல புரோ. ஆனால் இன்டெல் மேக் எதுவாக இருந்தாலும் 2025-இல் வந்த டாஹோ பதிப்போடு அதற்கு மேக்ஓஎஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்புகள் நின்றுவிடும் என்று அறிவித்துவிட்டார்கள். எம்1 ஏர் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம்.

சார்ஜ் போட்டுக்கொண்டே தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. கோளாறா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு முள் சார்ஜரில் எர்த் கிடையாது, உள்ளே இருக்கும் ஒரு கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்கசிவு அலுமினிய உடம்புக்கு வரும். பிளாஸ்டிக் லேப்டாப்பில் தெரியாது, இதில் தெரியும். எர்த் உள்ள மூன்று முள் நீட்டிப்புக் கேபிளை மாட்டினால் நின்றுவிடும், வீட்டில் எர்த் கம்பி நிஜமாகவே மண்ணுக்குள் போயிருந்தால்.

கேம்?

வேண்டாம். அந்தப் பணத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப்.

மகன் இன்ஜினியரிங் சேர்கிறான். மேக் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. என்றால் தாராளமாகப் போதும், நாலு வருடம் தாண்டியும் ஓடும். எம்4 ஏர் வந்தபோது மாணவர் விலை ரூ.89,900, அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள். மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ. என்றால் ஆய்வகத்தில் ஓட்டும் மென்பொருள் பலவும் விண்டோஸ், அவன் அடுத்தவன் லேப்டாப்பைக் கடன் கேட்டு நிற்பான். அறுபதாயிரத்துக்கு 16 ஜிபி ரேம், 512 ஜிபி உள்ள நல்ல விண்டோஸ் லேப்டாப் வாங்கி மீதியை வேறு செலவுக்கு வையுங்கள். ஒரு லட்சத்தை இ.எம்.ஐ. போட்டு வாங்க வேண்டிய நிலை என்றால் எந்தப் பிரிவானாலும் என் பதில் விண்டோஸ்தான்.

புது மாடல் வருமாம், காத்திருக்கலாமா?

ஏர் வந்த வரிசை இது: எம்1 2020 நவம்பர், எம்2 2022 ஜூலை, எம்3 2024 மார்ச், எம்4 2025 மார்ச். தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் சாதாரண வேலையில் கண்ணுக்குத் தெரியாது, காத்திருந்து வரும் லாபம் வேகத்தில் இல்லை, பழைய மாடலின் விலை இறங்குவதில் இருக்கிறது. எம்1 ஏர் ஒரு கட்டத்தில் பண்டிகை ஆஃபரில் ரூ.70,000-க்கும் கீழே போனது.

ஒரு தடவை மட்டும் காத்திருந்தவர்கள் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். 2024 அக்டோபர் கடைசியில் எம்2, எம்3 ஏரின் ஆரம்ப ரேமை விலை ஏற்றாமல் 8-இலிருந்து 16 ஜிபி ஆக்கினார்கள். செப்டம்பரில் அதே பணம் கொடுத்தவருக்கு 8 ஜிபிதான், கூட்டவும் முடியாது. ஆகவே புதுப் பதிப்பு ஒரு மாதத்துக்குள் வரும் என்று தெரிந்தால் பொறுங்கள், ஆறு மாதம் என்றால் இப்போதே வாங்கி வேலையைப் பாருங்கள்.